கட்டிய பல் ஏன் கட்டிய பல்லாகவே தெரிகிறது?

முன்பல்லுக்கு கேப் (பல்லைச் சீவி அதன் மேல் மாட்டும் உறை) போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனால், சித்தி ஒருத்தி "என்னம்மா, பல்லு கட்டிட்டியா?" என்று கேட்டுவிடுவார். போச்சு. கட்டியது தெரியக்கூடாது என்பதற்குத்தானே அவ்வளவு செலவு! மறுநாள் டாக்டரிடம் போய் நின்றாலும் பெரும்பாலும் "ஏதோ சரியில்லை டாக்டர்" என்பதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை. அந்த 'ஏதோ' நிறமா, வடிவமா, ஈறா, கடியா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் வருகிறது. ஒன்று பத்து நிமிடத்தில் தீரும், இன்னொன்றுக்குக் கட்டியதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் நிறம். இயற்கைப் பல்லின் நிறம் அதன் மேற்பரப்பில் இல்லை. வெளியே இருக்கும் எனாமலுக்குச் சொந்த நிறம் மிகக் குறைவு. அது ஒளியை ஓரளவு உள்ளே விட்டுவிடும். உள்ளே இருக்கும் டென்டின்தான் மஞ்சள். மஞ்சள் சுவருக்கு முன்னால் பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் மங்கல் கண்ணாடியை வைத்தால் எப்படித் தெரியுமோ, கிட்டத்தட்ட அப்படி. ஈறுப் பக்கம் எனாமல் மெல்லியது, அதனால் அங்கே மஞ்சள் கூடுதல். நுனியில் பின்னால் டென்டின் இல்லை, அதனால் லேசான நீலச் சாம்பல். ஒரே பல்லுக்குள் இத்தனை வித்தியாசம் இருக்க, முழுவதும் ஒரே வெள்ளையில் வந்த கேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் செயற்கையாகத்தான் தெரியும்.

உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட கேப்பில் சிக்கல் இன்னும் கூடுதல். உலோகத்தின் கருமையை மறைக்க முதலில் ஒளிபுகாத ஒரு பூச்சு, அதற்கு மேல்தான் நிறமுள்ள பீங்கான். இரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதால் முன்பல்லில் சுமார் 1.5 மில்லிமீட்டர் சீவுவார்கள். பல்லின் மேல் இரக்கப்பட்டுக் குறைவாகச் சீவினால், கேப் செய்யும் லேப்காரருக்கு இரண்டே வழி: கேப்பைத் தடியாக்குவது, அல்லது மேல்பீங்கானை மெலிதாக்கிச் சுண்ணாம்பு அடித்ததுபோல விடுவது. ஈறு ஓரத்தில் தெரியும் சாம்பல் கோடும் அந்த உலோகத்தின் கைவரிசைதான். சில வருடங்களில் ஈறு கொஞ்சம் இறங்கினால் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். உலோகமே இல்லாத ஜிர்கோனியா, லித்தியம் டைசிலிகேட் போன்ற பீங்கான் கேப்களில் இந்தக் கோடு வராது.

சரி, நிறத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பரவலாகப் பயன்படும் ஷேட் கைடில் 16 மாதிரிப் பற்கள் இருக்கும். பல்லின் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவார்கள். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, நேரம். வாயைத் திறந்து வைத்துப் பஞ்சு திணித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வேலை செய்தால் எனாமல் உலர்ந்து பல் வெளுத்துவிடும். அந்த நேரத்தில் நிறம் பார்த்தால் வெளுத்த மாதிரிப் பல்தான் பொருந்தும். வீட்டுக்கு வந்து எச்சில் ஊறியதும் பக்கத்துப் பற்கள் பழைய நிறத்துக்குத் திரும்ப, கேப் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஆகவே சீவத் தொடங்கும் முன்பே, ஈரப் பல்லில், நிறம் பார்க்க வேண்டும். இதே காரணத்தால் கேப் போட்ட அன்றே கண்ணாடி முன் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வெளிச்சம். பீங்கானும் பல்லும் வேறு வேறு பொருட்கள். ஒரு விளக்கில் அவை ஒரே நிறமாகத் தெரியலாம், இன்னொரு விளக்கில் பிரிந்துவிடலாம். கிளினிக்கின் எல்இடி-யில் பொருந்திய கேப் மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் தனித்துத் தெரிவது இதனால்தான். நிறத்தைச் சோதிக்க நடுப்பகலின் வான் வெளிச்சம் நல்லது. புதுச்சேரி கடற்கரைச் சாலையின் விடியற்காலை வெயில் படம் எடுக்கத்தான் சரி, அதில் சிவப்பு அதிகம். வைட் டவுனின் மஞ்சள் சுவரை ஒட்டி நின்று எடுத்த செல்ஃபியை வைத்து டாக்டரோடு சண்டைக்குப் போவதும் நியாயமில்லை, சுவரின் நிறம் பல் மேல் விழுந்திருக்கும். பாண்டி பார்களில் சில இடங்களில் ஊதா விளக்கு போடுவார்கள். புற ஊதாக் கதிர் பட்டால் இயற்கைப் பல் நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிரும் தன்மை இல்லாத பழைய கேப் அங்கே கறுத்து, பல்லே விழுந்துவிட்டதுபோலத் தெரியும்!

கேப்பை நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் நிறம் பிடிக்கவில்லை என்று சொன்னால் லேப் சாயம் தொட்டு மறுபடி சுடலாம். ஒட்டிய பிறகு முடியாது. பல் வெளுக்கும் பெராக்சைடு மருந்தும் பீங்கானைத் தொடாது. பக்கத்துப் பற்களை வெளுத்து கேப்புக்கு இணையாகக் கொண்டுவருவது சில நேரம் கேப்பை உடைப்பதைவிடப் புத்திசாலித்தனம்.

நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஈறு. பல்லைச் சுற்றி எலும்புக்கு மேலே சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும். கிருமிகள் எலும்புப் பக்கம் இறங்காமல் தடுக்கும் வேலி அதுதான். கேப்பின் ஓரத்தை மறைக்க வேண்டும் என்று அந்த வேலிக்குள்ளேயே இறக்கிவிட்டால் உடம்பு ஒத்துக்கொள்ளாது. ஈறு சிவந்து, வீங்கி, பிரஷ் பட்டதும் ரத்தம் கசியும். ஓரத்தில் ஒட்டுச் சிமென்ட் மிச்சமிருந்தாலும் இதே அறிகுறி. சிமென்ட்டைச் சுரண்டி எடுத்தால் சில வாரங்களில் ஈறு ஆறிவிடும். ஓரமே ஆழத்தில் இருந்தால் வாய் கொப்பளிக்கும் மருந்து எத்தனை பாட்டில் வாங்கினாலும் பலன் இல்லை. கேப்பை மாற்ற வேண்டும், சிலருக்கு ஈறையும் எலும்பையும் கொஞ்சம் திருத்தவும் வேண்டியிருக்கும்.

கடி விஷயம் எளிது. பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்களில் இருக்கும் நரம்பு முனைகள் சுமார் 20 மைக்ரான் தடிமனைக்கூடக் கண்டுபிடித்துவிடும், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் "லேசா இடிக்குது" என்பது மனப்பிரமை இல்லை. வாய் மரத்திருக்கும்போது கடித்துப் பார்த்தது சரியாக இருக்காது, மரப்பு போனதும் இடித்தால் திரும்பப் போங்கள். நிறத்தாளைக் கடிக்கவைத்து, புள்ளி விழுந்த இடத்தைத் தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் ஒரு நொடி கூசி அடங்கினால் பெரும்பாலும் நாளாக நாளாகக் குறையும். தூக்கத்தில் எழுப்பும் வலி, சூடு பட்டு நெடுநேரம் நிற்கும் வலி என்றால் பல்லின் உள்ளிருக்கும் நரம்பே வீங்கியிருக்கலாம், அழகுப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

பல் நிறப் பிசினை வைத்து அடைக்கும் காம்போசிட் வேலை பழுப்பேறுவது வேறு கதை. பிசின் நீரை உறிஞ்சும், அதோடு நிறத்தையும். மீன் குழம்பின் மஞ்சள் பீங்கானில் நிற்காது, காம்போசிட்டில் படியும். மேற்பரப்பு சொரசொரப்பாக விடப்பட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். உடனே பெயர்த்தெடுக்கச் சொல்லாமல், முதலில் மெருகேற்றிப் பார்க்கச் சொல்லலாம். பல நேரம் அதுவே போதும்.

எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடுவது என்று இறங்கினால் எனாமலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம், உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதை உருவாக்கிய செல்கள் பல் முளைத்த பிறகு இருப்பதில்லை, ஆகவே சீவியது வளராது. 1955-ல் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் ஆய்வாளர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலில் நுண்துளைகள் உண்டாக்கி, அதில் பிசினைக் கெட்டியாகப் பிடிக்கவைக்கலாம் என்று காட்டினார். வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு) ஒட்டுவது இன்றும் அந்த அடிப்படையில்தான். ஈரமும் நாரும் உள்ள டென்டினில் அவ்வளவு நம்பகமான பிடிப்புக் கிடைக்காது. பழைய வெனீரை வைரமுனை ட்ரில்லால் அறுத்தெடுக்கும்போது பிசின் எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிவது கடினம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எனாமலும் போகும். எர்பியம் லேசரால் பிசினைத் தளர்த்தி வெனீரைக் கழற்றும் முறையும் இருக்கிறது. வெனீர் பிடிக்கவில்லை என்று முழு கேப்புக்கு மாறுவது சின்ன விஷயமில்லை: வெனீருக்கு வெளியே தெரியும் பல்லில் அதிகபட்சம் 30 சதவீதம் வரை சீவினால், முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடும் என்று எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் சீவுவதற்கு முன் இன்னொரு கண் பார்க்கட்டும். புதுச்சேரி கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே செயற்கைப் பல், ஈறு எல்லாம் தனித்தனித் துறைகள். போகும்போது எக்ஸ்ரே, பழைய போட்டோ, ஷேட் எண், என்ன பொருளில் செய்தது என்ற விவரம் கையில் இருக்கட்டும். இவற்றைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம். ஆனால் பிடிக்கவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. பெரும்பாலும் அதே டாக்டரிடம் பேசி மறுபடி செய்துகொள்வதுதான் சீக்கிரம் முடிகிறது.

மறுபடி செய்யும்போது அவசரப்பட வேண்டாம். முதலில் பிளாஸ்டிக்கில் தற்காலிகப் பல் போட்டு, ஈறு ஆறும் வரை அதோடு இருந்து பாருங்கள். "வா, வீடு, வெயில்" என்று சொன்னால் மேல்பல்லின் நுனி கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும், அழுத்தினால் பல் நீளம். ஸகாரம் விசிலடித்தால் நுனியோ பின்பக்கமோ சரியில்லை. "தாத்தா" சொல்ல நாக்கு தடுமாறினால் பின்பக்கம் தடிப்பாக இருக்கலாம். பிளாஸ்டிக்கைத் தேய்க்கலாம், கூட்டலாம், காசும் குறைவு. வீட்டில் எல்லோரும் பார்த்து, சாப்பிட்டு, பேசிப் பார்த்துப் பிடித்த பிறகு, அதையே அளவெடுத்து லேப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்த கேப்பையும் முடிந்தால் சில நாள் தற்காலிகச் சிமென்ட்டில் வைத்துப் பார்க்கலாம். வெனீருக்கு அந்த வசதி இல்லை. நீரில் கரையும் சோதனைப் பசையில் வைத்து, ஜன்னல் பக்கம் போய்க் கண்ணாடியில் பார்த்து, சம்மதம் சொன்ன பிறகே ஒட்டுவார்கள்.