இருமினால் கசியும் சிறுநீர்: எந்த வகை, என்ன வைத்தியம்?

இருமும்போது, தும்மும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற பெண்கள் பலர் இதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. வயதானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்கத் தேவையே இல்லை, இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. ஆனால் எந்த வகைக் கசிவு என்று தெரியாமல் மாத்திரை விழுங்கிப் பயனில்லை.

இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று கூடிச் சிறுநீர்ப்பையை அமுக்கும். அந்த நொடியில் சிறுநீர்க் குழாயை இறுக்கித் தாங்குவது இடுப்பின் அடித்தளத் தசைகள். பிரசவம், உடல் பருமன், நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவற்றால் அவை தளர்ந்தால் நீர் கசியும். இது அழுத்தக் கசிவு.

இதற்கு முதல் வைத்தியம் பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிப் பரப்பியது. வாயுவை அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளே, மேல்நோக்கி இழுத்துச் சில நொடிகள் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறையாவது, தினமும் மூன்று தடவை, குறைந்தது 3 மாதம். பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குகிறார்கள். அதில் பலன் கிடைக்காது. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கப் பழகினால் அதுவே பெரிய உதவி. எடை குறைந்தாலும் கசிவு குறையும்.

பயிற்சி போதாதபோது அறுவை சிகிச்சை உண்டு. குழாயின் அடியில் தாங்கலாக வைக்கும் செயற்கை இழைப் பட்டையை 1990-களில் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் அறிமுகப்படுத்தினார். பலருக்கு அது கைகொடுத்தது. சிலருக்குத் தீராத வலி வந்ததால் இங்கிலாந்து 2018-இல் அதை நிறுத்திவைத்தது. ஆகவே நன்மை தீமை இரண்டையும் கேட்டபிறகே சம்மதியுங்கள்.

இன்னொரு வகை அவசரக் கசிவு. பை நிறையும் முன்பே அதன் தசை தானாகச் சுருங்குவதால், கழிப்பறைக்குள் நுழைவதற்குள் போய்விடும். போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பையைப் பழக்க வேண்டும். குறைந்தது 6 வாரம் பிடிக்கும். அப்புறம்தான் மாத்திரை. சாலிஃபெனாசின் போன்றவை அந்தத் தசையின் சுருக்கத்தைத் தடுக்கும், ஆனால் வாய் வறளும், மலம் கட்டும், முதியவர்களுக்குச் சிலசமயம் மனக்குழப்பமும் வரும். மிராபெக்ரான் வேறு வழியில் தசையைத் தளர்த்துகிறது. அதற்கு ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். இவையும் கேட்காவிட்டால் பையின் சுவரில், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடுவார்கள். பலன் சில மாதங்கள் நிற்கும்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கினால் பை காலியாகாமல் நிரம்பி வழியலாம். அதற்கு அடைப்பைத்தான் நீக்க வேண்டும்.

பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும். ரத்தம் வந்தாலோ எரிச்சல் இருந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போனால் உடனே மருத்துவமனைதான். மற்றபடி டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாள், எப்போது குடித்தீர்கள், எப்போது போனீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வகை என்பது பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும்.