சீமைக்கருவேலம் வெட்ட வெட்ட ஏன் வருகிறது?

கண்மாய் சீரமைப்பு வேலைக்காக ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இதே கேள்விதான் வரும்: "போன வருஷம்தானே ஜேசிபி விட்டு அழிச்சோம், அதுக்குள்ள எப்படி சார் இவ்வளவு?"

மெக்சிகோ, கரீபியன், தென்னமெரிக்கப் பகுதிகளின் மரம் இது. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் கமலாபுரத்தில் நட்டார்கள். வறண்ட சீமைக்கு விறகும் வேலியும் கிடைக்கட்டும் என்ற நோக்கம் தவறில்லை. நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

அதைப் பரப்புவது அதன் நெற்று. புல்லெல்லாம் காய்ந்துபோன கோடையில் ஆடு மாடுகளுக்குக் கிடைக்கும் இனிப்புத் தீனி அதுதான். சதை செரித்துவிடும், கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் விதைகளில் பல அப்படியே வெளியே வரும், அதுவும் மேல்தோல் இளகி, முளைக்கத் தயாராக. முதல் மழை முடிந்ததும் மேய்ச்சல் தரையில் கிடக்கும் பழைய மாட்டுச் சாணத்தைப் பாருங்கள். ஒரே சாணத்திலிருந்து கொத்தாகக் கன்றுகள் கிளம்பியிருக்கும். ஆடு நன்றாக அசைபோடுவதால் கொஞ்சம் விதை அழியும், மாட்டின் வயிற்றில் அவ்வளவு அழியாது. கிடை போட்ட புஞ்சையைத் தரிசாக விட்டால் அங்கேயும் முளைக்கும். மிச்ச நெற்றை வரத்துக் கால்வாய் கண்மாய்க்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். வெளிமான்கள் மேயும் கோடியக்கரைப் புல்வெளியில் இந்த வேலையை அங்கு திரியும் குதிரைகளும் செய்கின்றன.

சரி, வெட்டினால்? மண்ணுக்குள் இருக்கும் தூரிலேயே அதற்கு மொட்டுகள் உண்டு. தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தூரை விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் மறுபடி வெட்டலாம். அவர்கள் பிழைப்பு அது, அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒழிக்க வந்த இயந்திரமும் மேலே ஒடித்துத் தள்ளிவிட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தூரைச் சுமார் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி எடுக்க வேண்டும். நெற்று பழுக்கும் முன்பே எடுக்க வேண்டும். நெற்றோடு கிளைகளைக் கண்மாய் நெடுக இழுத்துப் போனால் அது விதைப்புதான்.

இன்னொன்று. அவசரத்தில் நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளக் கதிராக இருக்கும். வேட்டங்குடி போன்ற கண்மாய்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்தில்.

2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் விதை பல மழைக்குக் காத்திருந்து முளைக்கும். அதனால் உங்கள் ஊர்க் கண்மாய்க்கு மதிப்பீடு போடும்போது, முதல் ஆண்டு வேலையோடு விடாமல், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் கன்று பிடுங்கும் கூலியையும் சேர்க்கச் சொல்லிக் கிராமசபையில் கேளுங்கள். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது சின்னக் கன்று கையோடு வந்துவிடும். விட்டுவைத்தால் ஆணிவேர் இறங்கி, மறுபடி மண்வெட்டி தேவைப்படும். அப்புறம் கரையை வெறுமையாக விடாமல் புங்கன், வேம்பு, மருது என்று நட்டுவிடுங்கள். நிழலில் சீமைக்கருவேலக் கன்று அவ்வளவாகத் தேறாது.