ஜில்லா போர்டு ரோட்டுக்குத் தெற்கு

போன மாதம் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார். வெட்டிய கரும்பை டிராக்டரில் வெளியே கொண்டுவர வழியில்லை. பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கியவர் பாதையின் குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். "பட்டா எம்பேர்ல இருக்குது, எடம் என்னுது" என்கிறாராம்.

நல்ல வேளை, பெரியவர் பழைய பத்திரங்களை எல்லாம் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் எப்போதும் செக்குபந்தியைத்தான், அதாவது நான்கு எல்லை விவரத்தைத்தான், முதலில் படிப்பேன். 1936 கிரையத்தில் அவர் நிலம் "ஜில்லா போர்டு ரோட்டுக்குத் தெற்கு". 1961-ல் "வண்டிப்பாதைக்குத் தெற்கு". 1988-ல் வெறும் "பாதைக்கு". 2014-ல் பக்கத்துக்காரர் பெயரைப் போட்டு "இன்னார் நிலத்துக்குத் தெற்கு". ரோடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருக்கிறார்கள்.

அந்த 'போர்டு' என்ற ஒரு சொல்லை லேசாக விடக்கூடாது. உள்ளூர்ச் சாலைக்கென்றே சென்னை மாகாணத்தில் 1866-ல் ஒரு சட்டம் வந்தது. நிலத்தின் வாடகை மதிப்பில் ரூபாய்க்கு அரையணா, அதாவது 32-ல் ஒரு பங்கு, சாலை வரி. 1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபு நிதிப் பொறுப்பை மாகாணங்களுக்குத் தள்ளிவிட, மறு வருஷமே லோக்கல் பண்டுச் சட்டம் வந்தது. வரி ஓரணா வரை போகலாம் என்றானது. அதைச் செலவழிக்கக் கலெக்டர் தலைமையில் போர்டுகள் அமைந்தன. 1884-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் அதை ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்குக் கீழே யூனியன் என்று மூன்று அடுக்காக்கியது. அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவுக்குத் தலைநகர் நம் கடலூர்தான்.

ஆக, இந்த ரோடுகளை யாரும் தானமாகப் போட்டுத் தரவில்லை. கிஸ்தியோடு, அதாவது நிலவரியோடு, சேர்த்து இந்தச் செஸ் வரியும் கட்டிய குடியானவர் காசில் போட்டவை. கிஸ்தி ரசீதில் 'தலவரி' (உள்ளூர் வரி) என்று பார்த்திருப்பீர்களே, அந்த வகையறாதான்.

1934-ல் தாலுகா போர்டுகள் போயின. 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகளும் இல்லை. அவற்றின் ரோடுகள் சில நெடுஞ்சாலைத் துறைக்கும், சில ஊராட்சி ஒன்றியங்களுக்கும் கைமாறின. போர்டு கலைந்ததால் ரோடு யாருடைய சொந்தமாகவும் ஆகிவிடாது. பொதுச்சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து என்று 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு சொல்கிறது. பட்டாவில் தவறிப்போய்ப் பெயர் ஏறியிருந்தால் (யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் வேலையில் ஏறிய தவறுகளைக் கேட்டால் ஒரு நாள் போதாது) அது பொதுப்பாதையைச் சொந்தமாக்காது.

இடம் வாங்குவதற்கு முன் வில்லங்கம் மட்டும் போட்டுப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, வாங்கிப் பாருங்கள். பாதைக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருந்தால், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அதற்கு நேரே புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். பட்டா நிலத்துக்குள்ளேயே புள்ளிக்கோடாகப் போனால் அது வண்டிப்பாதை. அப்போது பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தாய்ப் பத்திரத்தையும் தேடியே ஆகவேண்டும். போர்டு ரோடாக இல்லாமல், பக்கத்து நிலத்தின் வழியாக நெடுநாள் போய்வந்த தனிப்பாதை என்றால் கதை வேறு. 1882 வசதியுரிமைச் சட்டப்படி 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும்.

பெண்ணையாற்றைத் தாண்டிப் பாகூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அன்றைக்குப் பிரெஞ்சு ஆட்சி. மாகாணச் சட்டங்கள் அங்கே செல்லவில்லை. அங்கே ஆவணமும் வேறு, தேடுகிற இடமும் வேறு.

சரி, பெரியவர் விஷயம். 1936 பத்திர நகலோடு தாசில்தாருக்கு மனு கொடுத்தோம். 2014 பத்திரத்தை அவரே அப்போது வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். சர்வேயர் அளக்க வரும் தேதி இன்னும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை கரும்பு தலைச்சுமையாகத்தான் தார் ரோட்டுக்குப் போகிறது.