மருந்து டேங்கில் ஊற்றும் பசை

தை மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் போனால் மாந்தோப்புகளில் ஸ்பிரேயர் மோட்டார் சத்தம் கேட்கும். பூவெடுத்த மரங்களுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிக்கிற நேரம் அது. என் மாமா மருந்தைக் கலக்கி முடித்ததும் சின்னப் பாட்டில் ஒன்றைத் திறந்து அளந்து ஊற்றுவார். "பசை ஊத்தலைன்னா மருந்து எலையில நிக்காது மாப்ள."

பசை என்று பேர் இருப்பதால், கோந்து மாதிரி மருந்தை இலையில் ஒட்டவைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒட்டவைக்கிற சரக்கும் சில பாட்டில்களில் உண்டு. ஆனால் முக்கியமான வேலை வேறு: துளியைப் படரவிடுவது.

வெறும் தண்ணீரை மாவிலையில் தெளித்துப் பாருங்கள், பல துளிகள் முத்துப் போலக் குவிந்து நிற்கும். இலையின் தோல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுத்துக்கொள்ளும். மெழுகு அவற்றை இழுப்பது கொஞ்சம்தான். அதனால் தண்ணீர் தனக்குள்ளேயே சுருங்கப் பார்க்கிறது. துளியின் ஓரத்தில் இந்த இழுபறி எங்கே சமன்படுகிறதோ, அங்கே துளி இலையோடு ஒரு கோணம் போட்டு நிற்கும். இதை 1805-இல் விளக்கியவர் தாமஸ் யங், தொழிலால் மருத்துவர். சுத்தமான கண்ணாடியில் அந்தக் கோணம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், தண்ணீர் அப்படியே படர்ந்துவிடும். மெழுகில் 100 பாகைக்கு மேல். தாமரை இலையில் 150-ஐயும் தாண்டும். அங்கே மெழுகோடு கண்ணுக்குத் தெரியாத மேடுகளும், அவற்றுக்கிடையே சிக்கிய காற்றும் சேர்ந்துகொள்கின்றன.

இப்போது பசைக்கு வருவோம். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனையில் தண்ணீர் பிடிக்கும், மறுமுனையில் எண்ணெயும் மெழுகும் பிடிக்கும். சோப்பும் இதே சாதிதான். அது துளியின் மேற்பரப்பில் போய் வரிசைகட்டினால் தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது அந்தச் சுருங்கப் பார்க்கிற இழுப்பு, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். அடியிலும் அதே கதை, தண்ணீருக்கும் மெழுகுக்கும் நடுவில் தரகு வேலை. 90 பாகையில் குவிந்து நின்ற துளி 30 பாகைக்குப் படிந்தால், அதே தண்ணீர் கிட்டத்தட்ட 3 மடங்கு இடத்தை நனைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்.

சாம்பல் நோய்க்கு அடிக்கிற நனையும் கந்தகத்தின் பேரிலேயே இந்தச் சங்கதி இருக்கிறது. வெறும் கந்தகத் தூளுக்குத் தண்ணீர் ஆகாது. டேங்கில் கொட்டினால் மிதக்கும். அதனால் நனைக்கும் பொருளைக் கம்பெனியிலேயே கலந்துவிடுகிறார்கள்.

பசைக்குப் பதில் காதி சோப்பைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது சரிவராது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும்.

போன வருஷம் மாமா பசையை இரண்டு மடங்காக ஊற்றிவிட்டார். ஓர் அளவுக்கு மேல் போனால் மேற்பரப்பில் இடம் இருக்காது. மிச்ச மூலக்கூறுகள் தண்ணீருக்குள்ளேயே கொத்துக் கொத்தாகக் கூடிக்கொள்ளும், இழுவிசை மேற்கொண்டு குறையாது. போதாததற்கு, நன்றாகப் படர்ந்த இலையில் மெல்லிய படலம்தான் தங்கும். அதற்குமேல் அடித்தது வழிந்துவிடும். அன்றைக்கு ஒவ்வோர் இலை நுனியிலும் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தடி மண் நன்றாக நனைந்திருந்தது.