பதின்மூன்றாம் கார்டில் பஞ்சமம் எங்கே போயிற்று?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரோடு ஒட்டி ஒரு பியானோ நிற்கிறது. போன மாதம் என் மகள் ஒரு ஜாஸ் தாளில் ‘சி13’ என்று ஒரு கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டம்) போட்டிருந்ததைப் பார்த்தாள். புத்தகக் கணக்குப்படி ஏழு கட்டைகளையும் ஒன்றாக அழுத்தினாள். அடுக்களையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: “யாரம்மா மாவரைப்பது?”

கணக்கில் பிழை இல்லை. நம் பாடகர்கள் ஒரு கட்டை என்று சொல்லும் சி-யை ஷட்ஜமாக வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறுங்கள். ச, க, ப சேர்ந்தால் சாதாரண கார்டு. கைசிகி நிஷாதமும் (இரண்டு நி-களில் தாழ்ந்தது) சேர்ந்தால் ஏழாம் கார்டு. அடுத்த ஸ்தாயிக்குள் போய் ரி, ம, த என்று அடுக்கினால் 9, 11, 13. (இரண்டாம் சுரமான ரி ஒரு ஸ்தாயி தள்ளி நிற்பதால் ஒன்பதாகிறது.) 28ஆவது மேளகர்த்தா (ஏழு சுரத் தாய் ராகம்) ஆன ஹரிகாம்போஜி முழுவதும் ஒரே நொடியில் வந்துவிட்டது. அரை மணி நேரம் ஆலாபனை செய்ய வேண்டியதை ஒரே கவளமாக விழுங்கினால் தொண்டை அடைக்காதா?

அடைப்பது உண்மையில் காதில்தான். நடு ஸ்தாயியின் க நொடிக்கு 330 முறை அதிர்கிறது. ம 349 முறை. இவ்வளவு நெருங்கிய அதிர்வுகளை உட்செவியால் தெளிவாகப் பிரிக்க முடிவதில்லை. நொடிக்கு ஏறக்குறைய 20 துடிப்புகள் எழுந்து, கரகரப்பாகக் கேட்கிறது. இந்தத் துடிப்புகளைக் கொண்டு கரகரப்பை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இலேயே விளக்கிவிட்டார். ம-வை மேல் ஸ்தாயிக்குத் தள்ளினாலும், க-வின் இருமடங்கு அதிர்வு அதோடு உரசும். ஆகவே ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் ம-வை விட்டுவிடுவார்கள், அல்லது அரைச் சுரம் உயர்ந்த பிரதி மத்யமமாக ஏற்றிக்கொள்வார்கள். அப்போது ஹரிகாம்போஜி, வாசஸ்பதி ராகமாகிவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கீழ் ஸ்தாயியிலும் இதே வம்பு. இடக்கோடிப் பக்கம் ச-வுக்கு 65, க-வுக்கு 82. வித்தியாசம் வெறும் 17. அங்கே சுரங்களை நெருக்கினால் மாவரைக்கும் ஓசைதான்.

சரி, பஞ்சமத்தையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்களே, ஏன்? ஒரு சோதனை செய்து பாருங்கள். நடு சி-க்குக் கீழே உள்ள ஜி-யை (சி-க்குப் பஞ்சமம் அது) ஒலி எழாமல் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். இப்போது அந்த 65 அதிர்வு சி-யை ஓங்கி அடித்து உடனே விடுங்கள். யாரும் தட்டாத ஜி மெலிதாகப் பாடும். 65இன் மும்மடங்கு அதனுடைய அதிர்வு. சி-யின் கம்பிக்குள்ளேயே அது இருக்கிறது. தம்பூராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்குமே, அதே கதை. க-வும் இப்படிக் கேட்கும்தான். ஆனால் அது அந்தரமா (உயர்ந்த க) சாதாரணமா (தாழ்ந்த க) என்பதில்தான் கார்டின் குணமே இருக்கிறது. அதை விட முடியாது.

மிஞ்சுவது ஐந்து விரல்கள். இடக்கையில் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே ச, அதற்கு மேல் நி. வலக்கையில் க, த, மேல் ரி. தாராளமான இடைவெளி, தெளிவான ஒலி.

பக்கத்தில் பேஸ் (கீழ்ச் சுரங்களுக்கான தந்தி வாத்தியம்) வாசிப்பவர் இருந்தால் ச-வும் வேண்டாம்; அதை அவர் பார்த்துக்கொள்வார். 1950களின் இறுதியிலிருந்து அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் இடக்கையில் அப்படித்தான் வாசித்தார். எஃப், ஏ, சி, இ ஆகிய நான்கைப் பிடித்தால் டி-யை ச-வாகக் கொண்ட டி மைனர் 9 கார்டு. சி-யில் இருக்கும் விரலை மட்டும் பக்கத்து பி-க்கு இறக்கினால் ஜி13. மற்ற மூன்று விரல்களும் அசைய வேண்டியதில்லை. மகள் நம்பவில்லை. கீழே டி-யையும் ஜி-யையும் நான் ஒற்றை விரலால் தட்டிக் கொடுத்த பிறகுதான் தலையாட்டினாள்.