விதைநெல் எடுத்து வைக்க யாரிடமும் அனுமதி வேண்டாம்

"கம்பெனி விதையில் விளைந்ததை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தால் கேஸ் போடுவார்களாமே?" சிறு விவசாயிகளிடம் இந்தப் பயம் பரவலாக இருக்கிறது. 2019-இல் குஜராத்தில், தன் பெயரில் பதிவு செய்திருந்த எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காக பெப்சிகோ நிறுவனம் விவசாயிகள் மீது வழக்குப் போட்டது. சிலரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயம் மட்டும் ஊருக்குள் தங்கிவிட்டது.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம், 2001 விவசாயியின் பக்கமே நிற்கிறது. பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும் விளைந்த விதையை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வயல்காரரோடு மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது 39-ஆம் பிரிவு. அந்த ரகத்தின் பெயரை லேபிளாக ஒட்டிப் பையில் அடைத்து விற்கக் கூடாது என்பதே அதிலுள்ள தடை.

ஆனால் இரண்டு ரகங்களை இணைத்து உண்டாக்கும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதை வாங்கியவருக்கு இந்த உரிமையால் பயனில்லை. அடுத்த தலைமுறையில் பயிர் குட்டையும் நெட்டையுமாகப் பிரியும்; கதிரும் ஒரே சமயத்தில் முற்றாது. ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். நம் உணவை நாமே தீர்மானிக்கும் உரிமையான உணவு இறையாண்மை கைநழுவத் தொடங்கும் இடம் இது. அதனால் தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு ரகங்களிலிருந்தோ, ஒட்டு அல்லாத அரசு ரகங்களிலிருந்தோ தொடங்குங்கள். நெல் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் ரகம் எளிதில் கெடாது. வேறு ரகம் நிற்கும் வயலிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருந்தால் போதும்.

வரப்போரத்தை விட்டுவிட்டு நடுவயலில் விதைக்கென ஒரு பகுதியை ஒதுக்குங்கள். பூக்கும்போது ஒரு முறையும் முற்றும்போது ஒரு முறையும் இறங்கிக் கலவன்களை, அதாவது ஊடே முளைத்த வேற்று ரகப் பயிர்களை, வேரோடு பிடுங்க வேண்டும். இவ்வளவும் செய்தவர்கள்கூட அறுவடையில் கோட்டைவிடுகிறார்கள். அறுவடை இயந்திரத்தின் உள்ளே முந்தைய வயலின் நெல் தங்கியிருக்கும். அது நம் விதையில் கலந்துவிடும். விதைப் பகுதியைக் கையால் அறுத்து அடிப்பதே நல்லது. ஆள் கிடைக்காவிட்டால் மற்ற வயலை முதலில் அறுத்துவிட்டு விதைப் பகுதிக்குக் கடைசியில் வண்டியை விடுங்கள்; அதிலும் முதலில் கொட்டும் சில மூட்டைகளை விதைக்கு எடுக்காதீர்கள்.

உச்சி வெயில் விதையின் முளைப்புத் திறனைக் கெடுக்கும். பகல் 12 முதல் 3 மணி வரை தவிர்த்துக் காயவையுங்கள். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் வர வேண்டும். கடித்தால் நெல் டக்கென்று ஒடிய வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். நொச்சி, வேப்பிலையைக் காயவைத்துப் போடலாம். ஏக்கருக்கு 30 கிலோ இருந்தால் கழிவு போகவும் போதும்.

விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து நெல்லைப் போட்டு, மிதப்பதை அள்ளிவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைப் பாதிக்கும். 100 நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 80-க்குக் குறைவாக முளைத்தால் அதை நம்பி நாற்றங்கால் விட வேண்டாம். வீட்டு விதைக்கு இந்தச் சோதனையை ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் இலவசமாகச் செய்து தருவது அரசுக்குப் பெரிய செலவில்லை; கேட்டு வாங்க வேண்டிய வசதி இது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ரசீது, சான்று அட்டை, காலிப் பை, ஒரு பிடி விதை நான்கையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். காலாவதி நாளையும் பாருங்கள். விதை பொய்த்தால் பயிர் வயலில் நிற்கும்போதே விதை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். உழுதுவிட்டால் சாட்சி போய்விடும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

மரபு நெல் ரகங்களை மீட்டெடுத்த மறைந்த நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெற்றார். அதே கணக்கில் ஊருக்குள் இரண்டு மூன்று வீடுகளில் விதையைப் பிரித்து வையுங்கள். ஐப்பசி மழையில் நாற்றங்கால் மூழ்கினால் மறுபடி விட அந்த விதைதான் கைகொடுக்கும்.