கோபுரம் பக்கத்திலேயே இருக்கிறது, படம்தான் வரவில்லை

அமெரிக்காவில் டிவி ஆன்டெனா பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளில்தான் சிக்னல் பிரச்சினை வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எனக்குத் தலைவலி தரும் வீடுகளில் பாதி, ஜன்னலைத் திறந்தால் ஒளிபரப்புக் கோபுரம் தெரிகிற வீடுகள். ஹூஸ்டன் பக்கம் மிசோரி சிட்டி, டாலஸுக்குத் தெற்கே சீடர் ஹில், ஃபிலடெல்ஃபியாவின் ராக்ஸ்பரோ, சான் ஃபிரான்சிஸ்கோவில் சூட்ரோ கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லாமே இந்த வகைதான். கேபிள் சந்தாவை நிறுத்திவிட்டு ஆன்டெனாவுக்கு மாறியவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்: "கோபுரம் வாசல்ல நிக்குது தம்பி, அப்புறம் ஏன் படம் உடையுது?"

வாசலில் நிற்பதால்தான் உடைகிறது. டிவிக்குள் சேனலைப் பிரித்தெடுக்கும் ட்யூனருக்குச் சிக்னல் போதவில்லை என்பதல்ல சிக்கல், தாங்க முடியாத அளவுக்கு வந்து கொட்டுகிறது.

கணக்காகப் பார்த்தால் இது எளிதில் புரியும். அமெரிக்காவில் யுஹெச்எஃப் (14 முதல் 36 வரையிலான சேனல்கள்) டிவி நிலையம் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத் திறன் 1000 கிலோவாட். அந்த நிலையம் வீசும் கற்றையின் நேர்ப் பாதையில், குறுக்கே எதுவும் இல்லாமல், 2 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சாதாரண டைபோல் (இரண்டு கம்பி) ஆன்டெனாவை வைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 0 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, 0 என்றால் ஒரு மில்லிவாட்). டிஜிட்டல் டிவி ட்யூனர் படம் காட்ட மைனஸ் 83 டிபிஎம் இருந்தாலே போதும் என்கிறது டிஜிட்டல் டிவி தரங்களை வகுக்கும் ஏடிஎஸ்சி அமைப்பின் வழிகாட்டுதல். 80 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் (ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு), அதாவது தேவையானதைப் போல 10 கோடி மடங்குக்கும் அதிகம். அதே வழிகாட்டுதல் மேல்பக்கம் மைனஸ் 5 டிபிஎம் வரைதான் ட்யூனரிடம் எதிர்பார்க்கிறது. இந்த நிலைமையில், கடையில் ஆன்டெனாவோடு சேர்த்துத் தரும் 20 டெசிபல் ஆம்ப்ளிஃபையரையும் (சிக்னலைப் பெருக்கும் கருவி) மாட்டினால் என்ன ஆகும்? பெட்டியில் "100 மைல் ரேஞ்ச்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி வருபவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது. கோபுரத்துக்கு 2 மைலில் இருப்பவருக்கு அந்த விளம்பரத்தால் எந்தப் பயனும் இல்லை.

அறிகுறிகளைச் சொல்கிறேன். டிவியின் சிக்னல் பட்டை முழுசாகக் காட்டும், படம் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். ஒவ்வொரு முறை சேனல் தேடும்போதும் வேறு வேறு எண்ணிக்கையில் சேனல்கள் கிடைக்கும். பக்கத்துக் கோபுரத்தின் நிலையங்கள் ஒழுங்காக வரும், அடுத்த நகரத்து நிலையங்கள் மொத்தமாகக் காணாமல் போகும். இந்தக் கடைசி அறிகுறிக்குக் காரணம் ட்யூனருக்குள் இருக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு. பலமான சிக்னல் வந்ததும் அது மொத்த உணர்திறனையும் இறக்கிவிடும். தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் பேசுவது மாதிரி, மெல்லிய குரல் காதில் ஏறவே ஏறாது.

இன்னொன்று இதைவிட மோசம். திணறும் ஆம்ப்ளிஃபையரும் ட்யூனரும் இருக்கிற சிக்னல்களைத் தங்களுக்குள் கலந்து, வானத்தில் இல்லாத போலிச் சிக்னல்களை உண்டாக்கும். அவை போய் நல்ல சேனல்களின் மேல் உட்காரும். இங்கே ஒரு நல்ல விஷயமும் உண்டு. இந்தக் கலப்படத்தில் முக்கியமான வகையில், உள்ளே வரும் சிக்னலை 10 டெசிபல் குறைத்தால் போலிச் சிக்னல் 30 டெசிபல் குறைகிறது. உங்கள் சேனல் 10 இழக்கிறது, குப்பை 30 இழக்கிறது. மிச்சம் 20 டெசிபல் லாபம். சிக்னலைக் குறைத்தால் படம் எப்படித் தெளியும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

ஆகவே முதல் வேலை ஆம்ப்ளிஃபையரைக் கழற்றுவது. கவனிக்க, அதன் மின்சாரத்தை மட்டும் பிடுங்கினால் போதாது. பல ஆம்ப்ளிஃபையர்கள் மின்சாரம் இல்லாதபோது சிக்னலை அடைத்துக்கொள்ளும். அப்போது படம் இன்னும் கெடும், "இது இல்லாமல் முடியாது போல" என்று திரும்பவும் செருகிவிடுவார்கள். ஆம்ப்ளிஃபையரையே வழியிலிருந்து எடுத்துவிட்டு கேபிளை நேராக இணைக்க வேண்டும். பாதி வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர். விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறிய உலோகத் துண்டு, கேபிளுக்கும் டிவிக்கும் நடுவே திருகினால் ஆயிற்று. 3, 6, 10, 20 டெசிபல் என்று தனித்தனியாகவும் கிடைக்கிறது, திருகிச் சரிசெய்யும் வகையும் உண்டு. நான் திருகும் வகையைத்தான் விரும்புவேன். அதிகபட்சத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவேன். அப்போது பார்க்க வேண்டியது சிக்னல் பலத்தை அல்ல, தரத்தை. டிவியின் அமைப்புகளில் எங்காவது சிக்னல்-இரைச்சல் விகிதம் டெசிபலில் காட்டப்படும். 15 டெசிபல் அளவுக்குக் கீழே போனால் படமே இருக்காது, இருபதுகளின் நடுவில் நின்றால் நிம்மதி. பலம் 100லிருந்து 70க்கு இறங்கும்போது தரம் ஏறுகிறது என்றால் சரியான வழியில் போகிறீர்கள். வீட்டில் ஆம்ப்ளிஃபையர் இருந்தே ஆக வேண்டுமென்றால் அட்டென்யூவேட்டர் அதற்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்துப் பயனில்லை, கலப்படம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். கைவசம் அட்டென்யூவேட்டர் இல்லையா? ஒரு கேபிளைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட்டரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டெசிபலும், நான்கு வழி சுமார் 7 டெசிபலும் குறைக்கும். பயன்படுத்தாத முனைகளை 75 ஓம் மூடியால் அடைத்துவிடுங்கள்.

அடுத்தது பண்பலை வானொலி. டிவிக்கும் எஃப்எம்முக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அதிகம், ஆனால் கோபுரத்தருகே என் முதல் சந்தேகங்களில் இதுவும் ஒன்று. எஃப்எம் அலைவரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். திணறும் ஆம்ப்ளிஃபையர் அதன் இரட்டிப்பை உண்டாக்கும்: 176 முதல் 216. டிவியின் 7 முதல் 13 வரையிலான சேனல்கள் இருப்பது 174 முதல் 216 வரை! உதாரணமாக 95.1ல் ஒலிபரப்பும் நிலையத்தின் இரட்டிப்பு 190.2, அது நேராக 9ஆம் சேனலுக்குள் விழும். யுஹெச்எஃப் எல்லாம் வந்து, 7 முதல் 13க்குள் உள்ளவை மட்டும் கெட்டால் எஃப்எம் வடிகட்டி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால்தான். திரையில் தெரியும் சேனல் எண்ணை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். 4.1 என்று காட்டும் நிலையம் உண்மையில் 28ல் ஒளிபரப்பிக்கொண்டிருக்கலாம். ரேபிட்இயர்ஸ் இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் உண்மையான எண், திசை, எதிர்பார்க்கும் பலம் எல்லாம் கிடைக்கும்.

செல்ஃபோன் கோபுரங்களும் இப்போது பக்கத்தில் வந்துவிட்டன. டிவி அலைவரிசையின் ஒரு பகுதியை ஃபோன் நிறுவனங்களுக்கு விற்ற 2017 ஏலத்துக்குப் பிறகு நடந்த மாற்றங்கள் 2020 ஜூலையில் முடிந்தபோது டிவி 36ஆம் சேனலோடு, 608 மெகாஹெர்ட்ஸில், நின்றுவிட்டது. ஃபோன் கோபுரங்கள் 617லிருந்து அனுப்புகின்றன. பழைய ஆம்ப்ளிஃபையருக்கு இது தெரியாது, டிவி என்று நினைத்து அதையும் பெருக்கித் தள்ளும். ஃபோன் சிக்னலைத் தடுக்கும் எல்டிஇ வடிகட்டி வாங்கும்போது 608க்கு மேல் வெட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள், பழைய சரக்கு 700க்கு மேல் மட்டுமே வெட்டும்.

கேபிளையும் பாருங்கள். ஆன்டெனாவைக் கேபிளிலிருந்து கழற்றிய பிறகும், டிவியில் சும்மா தொங்கும் கேபிளின் வழியாகப் படம் வந்தால், கேபிளே ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது ஆன்டெனாவை எப்படித் திருப்பினாலும் ஒன்றும் மாறாது. நல்ல கவசமுள்ள ஆர்ஜி-6 கேபிளும் அழுத்திப் பொருத்தும் இணைப்பானும் போட்டு, தளர்ந்த முனைகளை இறுக்கினால் அடங்கும்.

இவ்வளவு செய்தும் ஒரே ஒரு பக்கத்து நிலையம் மட்டும் முரண்டு பிடிக்கலாம். அங்கே கதை தலைகீழ். உயரமான கோபுரங்கள் சிக்னலைத் தொலைவை நோக்கி வீசுகின்றன. அடிவாரத்தில் இருப்பவர்களின் தலைக்கு மேலாகக் கற்றை போய்விடும், சில கோணங்களில் குழி மாதிரி வெற்றிடமும் இருக்கும். அங்கே வந்து சேர்வது பெரும்பாலும் கட்டடங்களில் பட்டுத் திரும்பிய எதிரொலிகள். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர்தான், ஆகவே ஆன்டெனாவை ஓர் அடி நகர்த்தினாலே எதிரொலிகளின் கூட்டல் கழித்தல் மாறிவிடும். ஆணி அடிப்பதற்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு நாலு இடம் பார்த்துவிடுங்கள். எல்லாத் திசையும் பிடிக்கும் வகையை இங்கே நான் சிபாரிசு செய்வதே இல்லை. ஒரே திசை பார்க்கும் ஆன்டெனா எதிரொலிகளை ஒதுக்கும். தொலைவு நகரத்து நிலையங்கள் வேண்டுமானால், அந்தப் பக்கம் பார்க்கும்போது பக்கத்துக் கோபுரம் ஆன்டெனாவின் முதுகிலோ விலாவிலோ படும்படி திருப்ப வேண்டும். சில வேளைகளில் தொலைவு நிலையத்தை நேராகப் பார்க்காமல் சற்றே விலகி நிற்பதுதான் சரிப்படும்.

யார் பொறுப்பு என்ற கேள்வியும் வருகிறது. புதிதாக ஒலிபரப்பு தொடங்கும் அல்லது ஆன்டெனாவை மாற்றும் எஃப்எம் நிலையம், முதல் ஓராண்டில் தன் 115 டிபியு (அலையின் புல வலிமை அளவு) எல்லைக்குள்ளிருந்து வரும் குறுக்கீட்டுப் புகார்களைத் தன் செலவில் தீர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. 100 கிலோவாட் நிலையத்துக்கு அந்த எல்லை ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர். ஆனால் சரியாகப் பொருத்தாத ஆன்டெனா, அதிகத் திறன் கொண்ட ஆன்டெனா, பூஸ்டர் ஆகியவற்றால் வரும் கோளாறுகளை அதே விதி விலக்கிவிடுகிறது. ஆகவே நிலையத்துக்கு எழுதுவதாக இருந்தால், ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிச் சோதித்த பிறகு எழுதுங்கள். எந்த உண்மைச் சேனல் கெடுகிறது, எஃப்எம் வடிகட்டி போட்டபோது என்ன மாறியது என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால் அவர்களுடைய பொறியாளரிடம் மேற்கொண்டு பேச முடியும்.